நபீல் கொண்டுவந்த குதிரை

மலிவாகக் கிடைக்கிற எதையும் றிஸானா நம்புவதில்லை. அதிலும் நபீல் கொண்டுவருவதை நம்பவே மாட்டாள். வாப்பாவின் தம்பியான சாச்சாவின் மகன், வயதில் மூத்தவன் என்பதால் அவளுக்கு நானா, நல்லவன்தான். ஆனால் எதை விற்றாலும் பாதிக் கதையை விழுங்கிவிட்டுத்தான் விற்பான். நுவரெலியாவிலிருந்து அவன் லொறியில் கொண்டுவந்து இறக்கிய செம்பழுப்புக் குதிரையைக் காது முதல் குளம்புவரை பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கட்டுகஸ்தோட்டையில், மகாவலிக் கரையோரம் அவள் குதிரையேற்றம் பழக்கும் மைதானம் மாதக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தது. முன்பிருந்த குதிரை மிரண்டு ஓடி, அவளுடைய மகள் இல்மாவையே தள்ளிக் கையை முறித்துவிட்டது. கை பொருந்திவிட்டது, பயம் போகவில்லை. பழக்குகிறவளின் பிள்ளையே குதிரைப் பக்கம் போகாவிட்டால், ஊரார் எந்த நம்பிக்கையில் தங்கள் பிள்ளைகளை அனுப்புவார்கள்? இல்மா இப்போதும் வேலிக்கு அப்பால்தான் நின்றாள்.

"குழப்படியே இல்லாத குதிரை தங்கச்சி. ஏறிப் பாருங்க," என்றான் நபீல்.

தெரியாத குதிரையில் பாய்ந்து ஏறுகிற வீரம் றிஸானாவுக்குக் கிடையாது. முதலில் கையில் பிடித்து நடத்தினாள். நிறுத்தினால் நிற்கிறதா, பின்னால் தள்ளினால் நகர்கிறதா என்று பார்த்தாள். பிறகு ஏறி, கடிவாள வாரைத் தளர்த்தி நடக்க விட்டாள். இடப்பக்கம் ஒரு பெரிய வட்டம், அப்புறம் வலப்பக்கம். இவள் அதை எடைபோட, அதுவும் ஒரு காதைப் பின்னால் திருப்பி இவளை எடைபோட்டது.

பாதி வட்டத்தில் குதிரை சட்டென்று நின்றது. தலையை நிமிர்த்தி, ஆணி அடித்ததுபோல. காலால் அழுத்தினாள், அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே நடந்தது. சிறு ஓட்டத்துக்கு மாற்றினாள். வேறோர் இடத்தில் மறுபடியும் நின்றது.

றிஸானாவுக்கு ஆத்திரம் வந்தது. இறங்கிக் கால்களைத் தடவினாள். வீக்கமில்லை, சூடில்லை. மயக்க ஊசி போட்டிருக்கிறானோ என்று கண்ணைப் பார்த்தாள், தெளிவாக இருந்தது. நபீலைக் கேட்டால், புது இடம், கூச்சம் என்று மழுப்பினான். மறுபடி ஏறியவள் இந்தமுறை குதிரையை விட்டுவிட்டு அவனைக் கவனித்தாள்.

அவன் யாருக்கோ அனுப்ப வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். போன் உயர்ந்தது, குதிரை நின்றது. போன் இறங்கியது, குதிரை நடந்தது.

"நானா, அந்தப் போனைப் பொக்கெட்ல போடுங்க."

வட்டம் முழுவதையும் குதிரை ஓட்டத்திலேயே முடித்தது. நபீல் தலையைச் சொறிந்தான். ஏரிக்கரையில் உல்லாசப் பயணிகளைச் சுமந்த குதிரையாம்; படமெடுக்க நின்று நின்றே பழகியதாம். சொன்னால் வாங்க மாட்டாள் என்று மறைத்தானாம். தன் போனுக்கும் அது நிற்கும் என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

றிஸானா ஆசை தீரத் திட்டினாள். ஆனால் லொறியில் திருப்பி ஏற்றச் சொல்லவில்லை. வேலியருகே போனாள்.

"இல்மா, நீ பயந்தா உம்மா போனைத் தூக்குவேன். அது நிண்டுரும்."

இல்மா தாயைப் போலத்தான், எதையும் சும்மா நம்ப மாட்டாள். குதிரையை நடத்திக் காட்டச் சொன்னாள், நபீலைப் போனைத் தூக்கச் சொன்னாள், இறக்கச் சொன்னாள், மறுபடி தூக்கச் சொன்னாள். அதன்பிறகே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறினாள். நாலடி போனதும் முகம் வெளுத்தது. றிஸானா போனைத் தூக்கினாள், குதிரை நின்றது. பாதி வட்டம் இப்படி நின்று நின்றே போனது. அடுத்தமுறை போன் உயர்ந்தபோது இல்மாவின் முகத்தில் பயமில்லை, கோபம்தான் இருந்தது.

"சும்மா சும்மா நிப்பாட்டாதீங்க உம்மா. கீழ போடுங்க."

றிஸானாவுக்குக் கை இறங்கவில்லை. இத்தனை நேரம் குதிரையைத்தான் சந்தேகப்பட்டாள். இப்போது பயம் முழுக்கத் தன்னிடமே இருப்பது தெரிந்தது. போனை நபீலிடம் கொடுத்து, பைக்குள் வைக்கச் சொன்னாள்.

இல்மா மீதி வட்டத்தை நிற்காமல் முடித்தாள். மகள் மறுபடியும் குதிரையேறிய அந்த நாளின் படம் ஒன்றுகூட றிஸானாவிடம் இல்லை.