எண்பத்துமூன்று செருப்புக் கடைகள்

இருபத்தாறு நாளும் ஏழு மணி நேரமுமாக அத்தை தன் மடிக்கணினியின் பிரவுசரில் ஒரு டேபைக்கூட மூடவில்லை. கால் வீக்கத்துக்கு ஏற்ற அகலமான செருப்பு தேடி எண்பத்துமூன்று இணையக் கடைகளைத் திறந்து வைத்திருந்தார். டேபுகள் தீக்குச்சி அளவுக்குச் சுருங்கியிருந்தன. கணினி மாடிப்படி ஏறி வந்தவர் மாதிரி இரைத்தது.

பதினொரு மணிக்கு அதில்தான் எனக்கு இன்டர்வியூ. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. என் போன் முந்தின நாள் வாளிக்குள் விழுந்துவிட்டது. பத்தே முக்காலுக்குக் கேமராவைப் போட்டுப் பார்த்தேன். என் முகம் பாதி வந்து நின்றுவிட்டது.

"அத்தை, இதையெல்லாம் மூடிடலாமா? கன்ட்ரோலும் டபிள்யூவும் சேர்த்து அழுத்தினா ஒவ்வொண்ணா போயிடும்."

"எப்படிடி மூடறது? ஒவ்வொரு கடையிலயும் ஒரு பொண்ணு நின்னுக்கிட்டிருக்கு."

திரையின் மூலையைக் காட்டினார். சின்னக் கட்டத்தில், 'வணக்கம், நான் உங்களுக்கு உதவலாமா?'

அந்தக் கட்டம் என்னவென்று எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

"சொல்லிட்டுக் கிளம்பலாமே, அத்தை."

"சொல்லாமலா இருக்கேன்? போயிட்டு வரேன்மான்னு அடிக்கிறேன். உடனே 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா'ங்குது. கேக்கிற பொண்ணு மூஞ்சில கதவைச் சாத்தறதா?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மாமா, "எனக்கு இருபது வருஷமா சாத்தறா," என்றார்.

"மேல இருக்கிற நட்சத்திரத்தை அழுத்தினா புக்மார்க் ஆயிடும். மூடினாலும் அப்புறம் அதே கடைக்கு வரலாம்."

"நான் வருவேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"சரி, எல்லாத்தையும் ஒரே க்ரூப்பாக்கிச் சுருக்கி வைக்கலாம்."

"எண்பத்துமூணு பேரையும் ஒரே ரூம்ல அடைப்பியா? நல்ல மனசுடி உனக்கு."

பத்து ஐம்பத்தொன்று. கட்டத்தில் புதிய வரி வந்தது: 'இன்னும் இருக்கிறீர்களா?'

அத்தை ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். 'இருக்கேன்மா. சாப்பிட்டியா?'

'உங்களுக்கு எந்த அளவு வேண்டும்?'

"பாத்தியா, பசியை மறைச்சுக்கிட்டு வேலை பாக்குது." என் பக்கம் திரும்பினார். "நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கே, வாயில கொழுக்கட்டை. அந்த வேலைக்கு உன்னை எடுக்கிறதுக்கு இவளை எடுக்கலாம்."

பத்து ஐம்பத்தேழு. மாமா செய்தித்தாளை இறக்கி என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அத்தை, அங்க பொண்ணு யாரும் இல்ல. அது மெஷின்."