ஒன்பது கிலோமீட்டர் பாதை

“உனக்கு நடக்கப் பிடிக்குமா?”

“ரொம்பப் பிடிக்கும்.”

கல்யாணமான மூன்றாம் நாள் நடந்த பேச்சு இது. அன்றைக்கு இருந்த மயக்கத்தில், மலையைத் தோளில் தூக்கப் பிடிக்குமா என்று கேட்டிருந்தாலும் அவள் தலையாட்டியிருப்பாள். அதைப் போய் வேதவாக்காக எடுத்துக்கொண்டார் மனிதர். பதினாறு வருஷமாக விடுமுறைக்கு ஒரு மலை.

அவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். வருஷம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, பழைய வரைபடங்களில் மங்கிப்போன ஒற்றையடிப் பாதைகளைப் பார்த்து ஏங்குவார். லீவு கிடைத்ததும் அவை இன்னும் இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். அவளோ நர்ஸ். வார்டில் நின்றும் நடந்துமே தேய்ந்த கால்கள். ஒரே ஒரு லீவாவது வீட்டில் கிடந்து தூங்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்ல வாயெடுப்பாள். அதற்குள் அவர் சின்னப்பிள்ளை மாதிரி மேசைமேல் வரைபடத்தை விரித்திருப்பார். “அண்ணிக்குக் கால்ல சக்கரம்” என்று நாத்தனார் வேறு போகிற இடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

இந்த முறை, முன்பு கோவேறு கழுதைகள் பொதி சுமந்து போன பாதை. பாதி இடம் முட்புதர், மீதி இடம் உருளுகிற கல். மதியத்துக்குள் கீழே பஸ் நிறுத்தம் வந்துவிடும் என்றார். மணி மூன்றாகியும் மரமும் பாறையும்தான் வந்தன.

“இன்னும் எவ்வளவு தூரங்க?”

“இதோ, அந்த வளைவு தாண்டினா வந்துரும்.”

“ரெண்டு வளைவுக்கு முன்னாடியும் இதையேதான் சொன்னீங்க. ஊசி போடும்போது நான் ‘வலிக்காது’ன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

அவர் சிரித்தபடியே பையிலிருந்து ஒரு துண்டு நூலை எடுத்து, வரைபடத்தில் பாதை வளைகிறபடியெல்லாம் வளைத்து வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“என்னாச்சு?”

“பைக்குள்ள வைக்க வசதியா இருக்கட்டும்னு பாதியா சுருக்கி நகல் எடுத்தேன்ல...”

“சரி.”

“சுருக்கினதை மறந்துட்டு, பழைய கணக்குலயே தூரம் பாத்துட்டேன். ஒன்பது கிலோமீட்டர் இல்லம்மா. பதினெட்டு.”

இதே தவறைச் செய்த புது ஆட்களை அலுவலகத்தில் உண்டு இல்லை என்று ஆக்கியவர் அவர். இன்னொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது அதற்கும் தெம்பில்லை. பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். குதிகால் கொப்புளம் உடைந்து காலுறை ஒட்டிப்போயிருந்தது.

அவர் பதறிப்போய்க் கீழே உட்கார்ந்தார். பாட்டில் தண்ணீரை ஊற்றி, காலுறையை மெல்லப் பிரித்தெடுத்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே... அடுத்த வருஷம் கொஞ்சம் லேசான பாதையாப் பாக்கறேன். இதைவிடச் சின்ன மலை ஒண்ணு இருக்கு. ஏற்றமே கிடையாது.”

கால் அவர் மடியில் கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

“ஏங்க.”

“ம்?”

“அடுத்த லீவுக்கு எந்த மலையும் வேண்டாங்க. நான் வீட்டுலயே இருந்து தூங்கணும்.”