கடைசி இலக்கம்

என் கணவன் ரோலண்டுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் படிக்கக் கண்ணாடி போடுவதென்றால் கௌரவக் குறைச்சல். அது சமையலறை மேசை இழுப்பறையில் பழைய சாவிகளோடு கிடக்கும். கண்ணாடி இல்லாமல் விமானம் ஓட்டக் கூடாது என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருக்கிறார். நான் எடுத்து நீட்டினால், "தூரத்துல எல்லாம் நல்லாத்தான் தெரியுது க்ளெனிஸ். கிட்டத்துல என்ன இருக்கு பார்க்க? நீதான் இருக்கே. உன்னைத்தான் முப்பது வருஷமாப் பார்த்தாச்சே" என்பான். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

போன வருஷம் வரை எங்கள் ஆல்ட்பி விமானத்திடலின் வானொலி எண் 124.6. வானத்தில் கூட்டம் பெருகிவிட்டது, பேச இடம் போதவில்லை என்று ஒவ்வொரு அலைவரிசையையும் மூன்றாக வெட்டினார்கள். ஒரு பெரிய அறையைப் பலகை வைத்துத் தடுத்து மூன்று பேருக்கு வாடகைக்கு விடுகிற கதைதான். எங்களுக்குக் கிடைத்தது 124.605. பக்கத்து அறையான 124.610 கடலுக்கு அப்பால் எந்த ஊருக்கோ போனது.

விமானத்துக்கு விமானம் புது வானொலி மாட்ட வேண்டியதாயிற்று. ரோலண்ட் புலம்பித் தீர்த்தான்.

"அறுநூத்தி அஞ்சாம்! கடைசி இலக்கம் சும்மா அலங்காரம்டி. இத்தனை வருஷத்துல நாங்க யாராவது அதை வாயால சொல்லியிருக்கோமா?"

அது உண்மைதான். பழைய நாட்களில் கடைசி இலக்கத்தை விழுங்கிவிட்டுத்தான் எல்லோரும் பேசுவார்கள்.

என் சமையலறை ஜன்னலில் இருக்கும் பெட்டி மட்டும் மாறவில்லை. புது எண்களை அதில் வைக்கவே முடியாது. 124.6 என்று நிற்கும். ஆனால் அதற்குக் காது அகலம். எங்கள் அறைப் பேச்சு தெளிவாகக் கேட்கும். பலகைக்கு அந்தப் பக்கம் பேசுவதும் கேட்கும், சளி பிடித்த குரலில். இரண்டு அறையிலும் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்று விசிலடிக்கும்.

சட்டப்படி இதை வீட்டில் வைத்துக் கேட்பதே குற்றம். திடலின் வானொலியைப் பார்த்துக்கொள்ளும் டிரெவர் என்னை எங்கே கண்டாலும், "என்னம்மா, ஒட்டுக்கேட்கிற வேலை எப்படிப் போகுது? ஒரு கடுதாசி போட்டேன்னா பெட்டியும் போச்சு, உன் மானமும் போச்சு" என்பான். போகட்டும். மேலே போனவன் இறங்கினானா என்று தெரியாமல் எனக்குத் தேநீர்கூடத் தொண்டையில் இறங்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் ரோலண்ட் பறக்கப் போயிருந்தான், நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே மங்கலான வெயில். வினிஃப்ரெட்டின் குரல், தன் விமானத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு, தெளிவாக வந்தது.

"ஆல்ட்பி, டெல்டா யாங்கி. இடப்பக்கம் திரும்பி இறங்க வர்றேன்."

வினிஃப்ரெட்டுக்கு எழுபத்திரண்டு வயது. பல் மருத்துவராக இருந்தவள். தனி ஆள், பறப்பதுதான் அவள் உயிர். கிழவியை எப்போது கீழே உட்கார வைக்கலாம் என்று விமானக் கிளப்பில் சில பேர் காத்திருந்தார்கள்.

யாரும் பதில் சொல்லவில்லை. அது வழக்கம்தான். அந்த நேரத்தில் டிரெவர் கேன்டீனில் பன்றிக்கறி ரொட்டியோடு உட்கார்ந்திருப்பான். பறப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு இறங்கிக்கொள்வார்கள்.

பிறகு ஒரு சளிக் குரல். கடலுக்கு அப்பாலிருந்து வருகிறது என்று விட்டுவிட்டேன். அது பேசி முடித்தது: "...திரும்பி இறங்க வர்றேன். அவ்ளோதான்."

கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது. வானொலியில் 'அவ்ளோதான்' என்று முடிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். ரோலண்ட் பக்கத்து அறையில், 124.610-இல், நின்று பேசுகிறான்.

அவள் பேசியது அவனுக்குக் கேட்டிருக்காது. அவன் பேசியது அவளுக்குக் கேட்டிருக்காது. இரண்டும் கேட்டது என் ஓட்டைப் பெட்டிக்கு மட்டும். ரோலண்டின் விமானத்துக்கு இறக்கை கீழே, தன் காலடியில் இருப்பது அவனுக்குத் தெரியாது. அவளுடையதற்கு இறக்கை தலைக்கு மேலே, மேலே இருப்பது அவளுக்குத் தெரியாது. இருவரும் ஒரே ஓடுபாதைக்கு இறங்குகிறார்கள். கேன்டீனுக்குத் தொலைபேசினேன்.

"டிரெவர், ரெண்டு பேர் ஒண்ணா இறங்குறாங்க! ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேட்கலை. இறங்காதேன்னு சிவப்பு வாணத்தை விடு!"

"ஓ, நம்ம ஒட்டுக்கேட்கிற அம்மாவா? இது உனக்கு எப்படித் தெரிஞ்சுது, அதைச் சொல்லு முதல்ல."

"குத்தம்தான், என்னை ஜெயில்ல போடு! ரொட்டியைக் கீழ வச்சிட்டு ஓடுடா!"

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அதே நேரத்தில் பெட்டி விசிலடித்தது. இருவரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், ஒரே வாக்கியத்தைச் சொல்ல. விசில் நின்றது. அப்புறம் ஒன்றுமில்லை. அடுப்பில் தண்ணீர் மட்டும் கொதித்தது.

வேலிக்கு அப்பால் சிவப்பாக ஒன்று எழும்பி, மெதுவாக விழுந்தது.

"டெல்டா யாங்கி, விலகிப் போறேன்! எனக்கு மேல ஒரு விமானம்... கடவுளே, அதோட சக்கரம் தெரியுது!"

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடம் போயிருக்கும்.

"ஆல்ட்பி, கோல்ஃப் லீமா. மறுபடி சுத்தி வர்றேன்."

ரோலண்ட்! உயிரோடு இருக்கிறான். உருளைக்கிழங்குத் தோலின் நடுவே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். அவன் 'அவ்ளோதான்' சொல்லவில்லை என்பதும், குரலில் சளி இல்லை, எங்கள் அறையிலிருந்தே பேசினான் என்பதும் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

ஐந்து மணிக்கு வந்தான். தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அந்தக் கிழவி ஒரு வார்த்தை பேசலை க்ளெனிஸ். பொத்தானை அமுக்க மறந்திருக்கா. வயசாச்சுல்ல. டிரெவர் வந்து ரெண்டு வானொலியையும் பார்த்தான். என்னோடதுல அறுநூத்தி அஞ்சு. சரியா இருந்துச்சு. வியாழக்கிழமை கிளப்புல கூட்டம் போடுறாங்க. இனிமே அவளைப் பறக்க விட மாட்டாங்க."

"எப்போ திருப்பினே?"

"எதை?"

"அந்தக் கடைசி அலங்காரத்தை."

கோப்பையைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான், கண்ணாடி இல்லாமலே.

"டிரெவர்கிட்ட என்ன சொன்னே? என் குரல் எப்படி இருந்துச்சுன்னு சொன்னியா?"

"இல்லை."

மூச்சை விட்டான். எழுந்து போய் ஜன்னல் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கி, பொறுமையாகச் சுற்றினான். "இது சட்டவிரோதம் க்ளெனிஸ். வெளியில தெரிஞ்சா அசிங்கம். இனிமே நமக்கு இது வேண்டாம்." முப்பது வருஷத்தில் அந்தப் பெட்டியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மதியம் அவன் செத்துவிடுவானோ என்று பயந்தேன். இப்போது எதிரே நிற்கிறவனைப் பார்த்தே பயமாக இருந்தது.

பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனான். நான் இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்து அவன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு வினிஃப்ரெட்டின் தொலைபேசி எண்ணைச் சுழற்றினேன், கடைசி இலக்கம் வரை.

"யாரு?" என்றாள். அழுத குரல்.

கொல்லைக் கதவு திறந்தது. ரோலண்ட் வெறுங்கையோடு வாசலில் நின்றான்.

"க்ளெனிஸ் பேசுறேன்" என்றேன். "நீ பேசினது எனக்குக் கேட்டுச்சு வினிஃப்ரெட். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு."