வெட்டு வைக்காத சில்லுகள்

மஞ்சள் சில்லின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சிவப்பு நல்லா எடுப்பா வந்திருக்குப்பா போர்டு" என்றார் உச்சாணி.

போர்டுக்காரன் முதலில் சிரித்துவிட்டான். உச்சாணி கிண்டல் பேர்வழி, சாவு வீட்டில்கூட யாரையாவது சிரிக்க வைத்துவிட்டு ஒன்றும் அறியாதவர் போல உட்கார்ந்திருப்பார். ஆனால் இப்போது அவர் முகத்தில் கிண்டலின் சுவடே இல்லை. கடைக்குள் பட்டப்பகல் வெளிச்சம். மேசைமேல் நாலு சீட்டாட்டச் சில்லுகள், நாலும் ஒரே மஞ்சள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றுக்குப் பெயர்ப்பலகை வெட்டியதில் மிஞ்சிய அக்ரிலிக் துண்டு அது. மாதிரிதானே, நல்ல தகட்டை எதற்கு வீணாக்குவது என்று நாலையும் அதிலேயே வெட்டியிருந்தான். விளிம்பில் வெட்டே இல்லாதது வெள்ளைக்கு. ஒரு வெட்டு சிவப்புக்கு, இரண்டு வெட்டு நீலத்துக்கு. விளிம்பு முழுக்கப் பல் பல்லாக இருப்பது கருப்புக்கு. இதையெல்லாம் விளக்க அவன் வாயைத் திறப்பதற்குள் உச்சாணி அடுத்ததை எடுத்துவிட்டார். விரல் சுற்றியது. இரண்டு இடத்தில் நின்றது.

"நீலமும் பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் அடர்த்தியா இருந்தா நல்லாருக்கும்."

போர்டுக்காரன் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. விளிம்பில் ஓரிடம் உடைந்த கண்ணாடி டம்ளர் அது, தூக்கிப் போடச் சொல்லி மனைவி பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். அவன் விடவில்லை. அது அவனுடைய டம்ளர், அவ்வளவுதான். "சரிண்ணே, அடர்த்தியா போட்டுடறேன்" என்று வாய் தன்பாட்டுக்குச் சொன்னது.

போக்கர் சில்லு செய்வதெல்லாம் அவன் தொழிலில் சேர்த்தி இல்லை. கீழே பெயர்ப்பலகைக் கடை, மேலே வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் மேலே நாலு பேர் சீட்டோடு உட்காருவார்கள். அவன், அவன் மனைவி, அவளுடைய தம்பி, உச்சாணி. காசு வைத்து ஆடினால் சீட்டுக்கட்டு அடுப்புக்குள் போகும் என்று மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆட்டம் முடியும்போது யாரிடம் சில்லு குறைவோ அவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும், அதுதான் பந்தயம். பெரும்பாலும் கழுவுவது போர்டுக்காரன்தான். சில்லெல்லாம் மச்சினன் எங்கிருந்தோ வாங்கிவந்த பிளாஸ்டிக் சில்லுகள், தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. நமக்கென்று ஒரு செட் செய்துவிடு, நம் ஆளிடமே வெட்டுகிற மெஷின் இருக்கும்போது இந்தக் குப்பையை வைத்து ஆடுவதா என்று ஆரம்பித்தவரே உச்சாணிதான். விளிம்பில் வெட்டு வைக்கச் சொன்னதும் அவர்தான். ஒரு நிறத்துக்கு ஒரு தினுசு. "கையில எடுத்தா ஒரு கெத்து வேணும்ல?" என்று கேட்டார். போர்டுக்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கும் கிளினிக்குக்கும் அம்புக்குறி வெட்டிக்கொண்டிருந்தவனிடம் ஒருவர் அழகாக ஏதாவது செய் என்று கேட்டுவிட்டார். ராப்பகலாக வரைந்தான். நடுவில் ஒரு கிரேன் கொக்கி, அது உச்சாணிக்கு மரியாதை.

உச்சாணி என்பது யார்டு வைத்த பெயர். இரும்பு யார்டில் எல்லாவற்றுக்கும் மேலே, கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பீம்களைத் தூக்கி வைப்பது அவர் வேலை. கீழே நின்று தூக்கு, இறக்கு, நிறுத்து என்று சைகை காட்டுகிறவன் மச்சினன். அவனை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

போர்டுக்காரன் டம்ளரைக் கீழே வைத்தான். நாலு சில்லையும் அவர் உள்ளங்கையில் கொட்டினான்.

"அண்ணே, விரலை எடுத்துட்டுப் பாருங்க. இது நாலும் என்ன நிறம்?"

அவர் விரலை எடுக்கவில்லை. கையை மூடிக்கொண்டார். வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துக் கிளம்பாமல் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"எல்லாம் ஒண்ணா?" என்று கடைசியில் கேட்டார்.

"எல்லாம் மஞ்சள்ணே."

"ஓகோ" என்றார் உச்சாணி. பிறகு மெதுவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் போர்டுக்காரனுக்குச் சகிக்கவில்லை.

நடுவில்தான் புகை மாதிரி இருக்கிறது என்றார். ஓரத்தில் எல்லாம் தெரிகிறதாம். தலையைக் கொஞ்சம் திருப்பினால் லோடு தெரியும், லாரி தெரியும். சீட்டை மூக்குக்கிட்டே கொண்டுபோனால் அதுவும் தெரியும். யார்டில் வருஷா வருஷம் கண் பார்க்க வருகிறவர்கள் ஒரே அட்டையைத்தான் மாட்டுகிறார்கள், அதிலுள்ள எழுத்தெல்லாம் மனப்பாடம்.

"ஆள் தெரியுமாண்ணே? கீழ நிக்கற ஆளு?"

"ஆளு விசில் அடிப்பான்ல" என்றார் உச்சாணி.

போர்டுக்காரனுக்கு அந்த விசில் தெரியும். மச்சினன் கழுத்தில் சிவப்புக் கயிற்றில் தொங்குகிற ஸ்டீல் விசில். உச்சாணி அண்ணன் தன் கையால் வாங்கிக் கொடுத்தது என்று அவன் வீட்டுக்குள்கூட அதைக் கழற்றுவதில்லை. ஒன்று அடித்தால் தூக்கு, இரண்டு அடித்தால் இறக்கு, நீளமாக அடித்தால் நிறுத்து. எங்கள் ஜோடி மாதிரி யார்டிலேயே கிடையாது மாமா, கையே அசைக்க வேண்டாம் என்று எத்தனை தடவை பெருமை அடித்திருக்கிறான். ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, விளிம்பு முழுக்கப் பல். போர்டுக்காரன் தன் மாதிரிச் சில்லுகளைப் பார்த்தான். உட்கார்ந்து உட்கார்ந்து தான் வரைந்தது கெத்துக்கு இல்லை, அவர் விரலுக்கு ஒரு விசில் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஏன்ணே, இறங்கிட வேண்டியதுதானே?"

"இறங்கி?" என்றார் அவர். "மேல ஏறினாத்தான்பா நான் உச்சாணி. கீழ வந்தா நான் யாரு? சொல்லு. வீட்லயும் யாரும் இல்ல. ஞாயித்துக்கிழமைக்கு உன் வீட்டு மாடிப்படி இருக்கு, மத்த நாளுக்கு அந்த ஏணி இருக்கு. வேற என்ன இருக்கு எனக்கு?" அவன் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணெயும் துருவும் ஊறி மரக்கட்டையாகிப் போன கை. "இந்த மழைக்காலம் முடியட்டும், நானே எழுதிக் குடுத்துடறேன். உன் மச்சினன்கிட்ட மட்டும் சொல்லிடாத. அவன் என்னை நம்பித்தான் கீழ நிக்கறான்."

அதனால்தானே அண்ணே சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கை அப்படிப் பிடித்திருந்தது. "சொல்லலண்ணே" என்றான்.

அன்றைக்குப் படுக்கையில் புரண்டுகொண்டே எல்லாவற்றையும் திரும்ப ஓட்டிப் பார்த்தான். சீட்டை முகத்தோடு ஒட்டி வைத்து ஒரு கண்ணை ஓரமாக்கிப் பார்ப்பாரே, அதைக் கள்ளத்தனம் என்று கேலி செய்திருக்கிறார்கள். மேசையில் விழுகிற சீட்டையெல்லாம் மச்சினன் ஏலக்காரன் மாதிரிக் கூவுவான். கூவாத நாளில், "என்னடா தொண்டை கட்டிக்கிச்சா?" என்று உச்சாணி கேட்பார். சிவப்பு போட வேண்டிய இடத்தில் அவர் கருப்பைத் தள்ளினால் மனைவி பேசாமல் எடுத்து மாற்றி வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடருவாள். அண்ணனுக்கு ஞாபகம் எங்கேயோ இருக்கிறது என்பாள். பெரிய மனுஷரைச் சபையில் குறை சொல்வானேன் என்று எல்லோருமே விட்டுவிட்டார்கள். இப்படி விட்டு விட்டுத்தான் அவருக்கு இவ்வளவு தைரியம் வந்தது. பக்கத்தில் மனைவி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம்கூடச் சொல்லவில்லை. கீழே நிற்பது அவள் தம்பி.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் மச்சினன் யார்டிலிருந்து நேரே மாடிக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சினிமாக் கதை சொல்வது போலக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

"ஒரு சாண்தான்க்கா. பீம் வந்து என் பூட்ஸ் பக்கத்துல உக்காந்துச்சு. தரையெல்லாம் அதிருது. நான் நிறுத்தச் சொல்லி ஊதறேன், அந்த நேரம் பார்த்து லாரிக்காரன் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுட்டான். அண்ணன் அத என் விசில்னு நெனச்சுட்டாரு போல."

"சிரிக்கறான் பாரு" என்றாள் அக்கா. "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது? கண்ணு எங்க வெச்சிருந்தாரு அவரு?"

"அண்ணன் மேல இருக்கறப்ப எனக்கென்னக்கா பயம்? இல்ல மாமா?"

போர்டுக்காரனுக்கு உண்மை வாய் வரைக்கும் வந்தது. கொடுத்த வாக்கு அங்கேயே நின்று மறித்தது. கடையில் வேலை இருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினான். அந்த வாக்கை ஏன் கொடுத்தோம் என்று தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

கம்ப்யூட்டரைத் திறந்தான். திரையில் நாலு சில்லுகள் வரிசையாக நின்றன. ஒரு வெட்டின் ஆழத்துக்கு மட்டும் எத்தனை தடவை அளவு மாற்றியிருப்பான்! விரலுக்குத் தெரிய வேண்டும், உறுத்தக் கூடாது. ஒவ்வொரு வெட்டாகத் தொட்டு அழித்தான். பற்களை அழித்தான். கடைசியில் நாலு வட்டங்கள் மிஞ்சின, ஒன்றுபோல.

அதற்குமேல் அவன் செய்ததெல்லாம் அவ்வளவு நேர்த்தி. சில்லுக்கு மேல் பக்கம் கண்ணாடி போல நிறமில்லாத தகடு. கொக்கியையும் எண்களையும் அதன் அடிப்பக்கத்தில் செதுக்கி, கீழே நிறத் தகட்டை ஒட்டினான். கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டுப்படாது. விளிம்பையெல்லாம் ஈரத்துணி போட்டுத் தேய்த்து மெருகேற்றினான். நீலத்தை அடர்த்தியாகவே போட்டிருந்தான், அவர் கேட்டிருந்தாரே.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்ததும் மச்சினன் விசில் அடித்தான், வாயால்தான். "மாமா, இது கடையில விக்க வேண்டிய சாமானு!" மனைவிகூட ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். "ஏங்க, ஓரத்துல வெட்டு வெப்பேன்னு ராத்திரியெல்லாம் வரைஞ்சீங்களே. எங்க காணோம்?"

உச்சாணி ஒரு சில்லை எடுத்திருந்தார். கட்டைவிரல் விளிம்பில் ஒரு சுற்றுப் போனது. இன்னொரு சுற்று. கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அதிலும் போனது.

"வெட்டு வெக்கலையாப்பா போர்டு?"

"இல்லண்ணே."

அவர் அவன் பக்கம் திரும்பினார். பார்வை அவன் காதுக்கருகே எங்கோ நின்றது. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விடலாம். போய்விட மாட்டாரா என்று போர்டுக்காரனுக்கே ஏக்கமாக இருந்தது. உச்சாணி நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போடு சீட்டை" என்றார்.

மச்சினன் போட்டான், வழக்கம்போலக் கூவினான். மனைவி சிவப்பு ஒன்று வைத்தாள். உச்சாணி தன் குவியலின் மேல் விரல்களைப் பரப்பிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு ஒன்றைத் தள்ளினார். கருப்பு. அதை எடுத்து மாற்றி வைக்க மனைவியின் கை தானாக நீண்டது. போர்டுக்காரன் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணே, அது கருப்பு" என்று மச்சினன் சிரித்தான். "எடுத்ததுமே நூறா? அவ்ளோ நல்ல சீட்டா?"

உச்சாணி அதை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்தார். வெள்ளை. மச்சினன் மறுபடி சிரித்தான், சின்னதாக. அவர் இன்னொன்றை வைத்தார். நீலம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மச்சினன் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தான். அவர் கண்ணுக்கு முன்னால் கையை உயர்த்தினான். நிறுத்து என்பதற்கு யார்டில் காட்டுகிற சைகை, அகல விரித்த உள்ளங்கை. அவன் ரொம்ப நாளாக மறந்துபோயிருந்த சைகை. உச்சாணி அவன் சீட்டுப் போடக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். மச்சினன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். அவனுடைய கால் மேசைக்கடியில் எதிலோ இடித்தது. குனிந்து தன் பாதங்களைப் பார்த்தான். பிறகு அவன் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது.

"அண்ணே" என்றான்.

மனைவி இப்போது தம்பியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா என்று அவள் வாய் கேட்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னைக்குப் பாத்திரம் என் முறை" என்றபடி உச்சாணி எழுந்தார். நாற்காலியைச் சுற்றி, சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனார். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது.

மேசையிலிருந்து பார்த்தால் அவர் முதுகும் இரண்டு முழங்கையும் தெரிந்தன. தட்டு, தட்டு, கிண்ணம். ஒன்றையும் தவறவிடாமல் எடுத்துத் தேய்த்து அலசிக் கவிழ்த்தார். டம்ளர்களுக்கு வந்ததும் ஒவ்வொன்றின் விளிம்பிலும் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தார். மூன்றாவது டம்ளரில் விரல் ஓரிடத்தில் நின்றது. போர்டுக்காரனுடைய டம்ளரின் அந்த உடைந்த இடத்தை விட்டு விரல் நகரவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அந்த டம்ளரை மட்டும் மறுபடி சோப்புப் போட்டு, ரொம்பப் பதமாக, இன்னொரு தடவை கழுவ ஆரம்பித்தார்.