எதிர்க்கடை உத்தியோகம்

அவன் படிக்கப் போகிற வெளிநாட்டு ஊரில் அக்காவும் மாமாவும் இருக்கிறார்கள் என்பதில் அம்மாவுக்குப் பாதிக் கவலை விட்டது. மாமா அங்கே ஒரு தெருமுனையில் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். எதிரெதிரே இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் வழிவிட வேண்டும், அவ்வளவு அகலம். அவன் பெட்டியை இறக்கிவைத்த அன்றைக்கே மாமா பேச்சை எடுத்தார்.

"காலேஜ் முடிஞ்சு சாயந்திரம் சும்மாதானே இருப்பே மாப்ள? கல்லாவுல வந்து உக்காரு. வெளியில என்ன சம்பளமோ அதை நானே குடுக்குறேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "பார்க்கலாம் மாமா. வெளியில போனா இந்த ஊர் பாஷையும் பழகுமேன்னு பார்க்கிறேன்."

இது சொன்ன காரணம். சொல்லாத காரணம் வேறு. வெங்காயம் நிறுக்கவா விமானம் ஏறி வந்தோம் என்று உள்ளுக்குள் ஒரு முறுக்கு. அதோடு மாமாவிடம் கை நீட்டினால் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்காது. 'அக்கா புருஷன் தயவுல படிக்கிறான்' என்று கல்யாண வீட்டுப் பந்தியில் கூடச் சொல்லிக்காட்டுவார்கள்.

மாமா வற்புறுத்தவில்லை. "உன் இஷ்டம்ப்பா," என்று சொல்லிவிட்டு மூட்டையைப் பிரிக்கப் போனார்.

அதற்குப் பிறகு அவன் ஏறாத படியில்லை. ஒரு காபிக் கடையில் பால் நுரைக்க வைத்துக் காட்டச் சொன்னார்கள். இயந்திரம் சீறிய சீறலில் இவன் எகிறிக் குதித்தான், பால் எங்கேயோ போனது, வேலையும் போனது. பல்கலைக்கழக நூலகத்தில் அடுத்த வருஷம் வா என்றார்கள். மாணவர் விசாவில் வாரத்துக்கு இவ்வளவு மணிநேரம்தான் வேலை செய்யலாம் என்றதும் பாதிப் பேர் அங்கேயே கும்பிடு போட்டார்கள். மீதிப் பேர் முன்அனுபவம் கேட்டார்கள். நீச்சல் கற்றுக்கொண்டு வா, பிறகு தண்ணீரில் இறங்கலாம் என்கிற கதைதான்.

அந்தச் சமயத்தில், மாமா கடை இருந்த அதே தெருவின் மறுமுனையில் பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று திறந்தார்கள். புதுக்கடை என்பதால் வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். அவனுக்கும் ஒரு நீல ஏப்ரன் கிடைத்தது.

செய்தி சொன்னபோது அக்காவின் முகம் சுருங்கியது. மாமாதான் சிரித்தார். "பெரிய எடத்துல சேர்ந்துட்டே. எங்களை மாதிரி சில்லறைக் கடைக்காரங்களை மறந்துடாதே மாப்ள."

பழைய சரக்கை முன்னால் இழுத்து, புதுச் சரக்கைப் பின்னால் அடுக்குவதுதான் வேலை. அடுக்கியதும் சிவப்பு விலைச்சீட்டு ஒட்ட வேண்டும். அரிசி, எண்ணெய், வெங்காயம் எல்லாவற்றுக்கும் 'இன்று மட்டும்' என்று போட்டிருக்கும். அந்த 'இன்று' மாதக்கணக்கில் முடியவே இல்லை. மாமா என்ன விலைக்குச் சரக்கு எடுக்கிறார் என்பது அவனுக்குத் தெரியும். அதற்கும் கீழே ஒரு விலையைத் தன் கையாலேயே ஒட்டினான். நான் ஒட்டாவிட்டால் இன்னொருவன் ஒட்டப்போகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஒரு நாள் மேனேஜர் அவனைத் தோளில் தட்டி அழைத்தார். "அதோ பார், அந்த ஆள் அடிக்கடி வந்து விலையைப் பார்த்துட்டு ஒண்ணும் வாங்காமப் போறான். முனைக்கடைக்காரனாம். போய் வெளியே அனுப்பு."

எண்ணெய் அடுக்கின் முன்னால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து நின்றவர் மாமாதான்.

அவர் என் அக்கா வீட்டுக்காரர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜரின் பார்வை முதுகில் குத்த, அந்த ஊர் பாஷையிலேயே சொன்னான்: "சார், வாங்குறதா இருந்தா வாங்குங்க. இல்லேன்னா கிளம்புங்க."

மாமா நிமிர்ந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். அவன் தோளுக்குப் பின்னால் நின்ற மேனேஜரையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"சாரி சார்," என்றார், முன்பின் தெரியாதவனிடம் சொல்வதுபோல. தள்ளுவண்டியோடு வந்த ஓர் அம்மாளுக்கு ஒதுங்கி வழிவிட்டுவிட்டு வெளியேறினார்.

மேனேஜர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. போகாமல் இருந்தால் காரணம் கேட்பார்கள் என்று போனான். "மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் வை, இளைச்சுப் போயிட்டான்," என்றார் மாமா. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அக்காவிடமும் அவர் மூச்சுவிடவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் சோறு தொண்டையில் இறங்கியிருக்கும்.

அந்த வருஷம் முடிவதற்குள் மாமா கடையை மூடினார்கள். வேறொரு ஊரில் மாமாவுக்கு வேன் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. அடுக்குகளைக் கழற்ற உதவிக்குப் போனவனிடம், பெட்டி கட்டிக்கொண்டே அக்கா சொன்னாள்.

"பெரிய கடை வரப்போகுதுன்னு நீ வர்றதுக்கு முன்னாடியே தெரியும். வீட்டுக்கு வீடு சாமான் கொண்டு போய்க் குடுத்தா அதைச் சமாளிச்சுடலாம்னு சொல்லிட்டே இருந்தார்டா. கல்லாவைப் பார்த்துக்க நம்பிக்கையா ஒரு ஆள் வேணும். உன்னைத்தான் நெனச்சிருந்தார்."

"அதை எங்கிட்டச் சொல்லவே இல்லையேக்கா?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அவன் இஷ்டப்பட்ட வேலையைச் செய்யட்டும், விடுன்னுட்டார்."

தனக்குத் தயவு காட்டுகிறார் என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான். ஆள் தேவைப்பட்டது அவருக்கு. கையிலிருந்த திருகாணிகள் தரையில் உருண்டு ஓடின. குனிந்து பொறுக்குகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டான்.

அவர்கள் போன பிறகு ஒரு நாள் மாமாவுக்குப் போன் செய்தான்.

"மாமா, அன்னைக்கு எண்ணெய் ரேக் கிட்ட நான்…"

வண்டியின் உறுமலுக்கு நடுவே மாமா கேட்டார்: "பரீட்சை எப்போ மாப்ள?"

"அடுத்த மாசம் மாமா. அது இல்ல, நான் சொல்ல வந்தது…"

"நல்லாப் படி. நேரத்துக்குச் சாப்பிடு. சரக்கு ஏத்திட்டாங்க, வண்டியை எடுக்கணும். வெச்சுடட்டா?"

பிறகும் எத்தனையோ தடவை பேசினான். எதைப் பற்றியும் சலிக்காமல் பேசும் மாமா, அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் கடைசிவரை இடம் கொடுக்கவில்லை.