பல் டாக்டர் அத்தியாயம்

இரண்டு வழிகாட்டிகள் இருந்தால் இரண்டு மடங்கு வழி கிடைக்கும் என்று நம்பித்தான் டீச்சர் சேர்ந்தாள். மதம், அமைதி, மோதல் என்று பெயரே ஒரு முழம் நீளும் முதுகலைப் படிப்பு. பள்ளிக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய விடுப்பு மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டில் இரண்டு பேராசிரியர்களும் கையெழுத்துப் போடாவிட்டால் பட்டமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை.

கையெழுத்துப் போட வேண்டியவர்களோ ஜன்ம விரோதிகள். ஜன்னல் வைத்த ஓர் அறை யாருக்கு என்பதில் மூண்ட சண்டை. மதத்துறைக்காரர் மாடியில், அரசியல்துறைக்காரர் கீழே. மேலே போனால், "மதம் எங்கேம்மா? வெறும் அரசியலா இருக்கு" என்பார். அவர் சொன்னதைச் சேர்த்துக்கொண்டு கீழே வந்தால், "இந்தப் பிரசங்கத்தை யாரு எழுதச் சொன்னா?" என்று இவர் சிவப்பு மையால் அடிப்பார். மோதலைப் பற்றி எழுத வந்தவளை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் மொத்தினால் எரிச்சல் வராமல் என்ன வரும்?

வீட்டில் கணவன் வேறு. "ஊர்ச் சண்டைக்கெல்லாம் தீர்வு எழுதுறே, இந்த ரெண்டு பெருசுகளைச் சேர்த்து வைக்க முடியலையா?"

"நீங்க பேசாம துணியை மடிங்க" என்றாள்.

அவள் ஆய்வு ஒரு தெருவைப் பற்றியது. ஒரே சுவரின் இரு பக்கமும் இரண்டு மதத்தாரின் வழிபாட்டுக் கூடங்கள். ஒலிபெருக்கிக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் அடிதடி வரை போன தெரு, சில வருடங்களாகச் சாதுவாக இருக்கிறது. எல்லாம் பேச்சுவார்த்தையால் என்றார்கள். டீச்சர் துருவித் துருவிக் கேட்டதில் தெரிந்த காரணம், தெருமுனைப் பல் டாக்டர். இரண்டு கூடத்துத் தலைவர்களும் அந்த அம்மாவிடம்தான் பல்லைக் காட்டுவார்கள். "அவரு உங்களைப் பத்தி எவ்வளவு மரியாதையாப் பேசினாரு தெரியுமா" என்று இருவரிடமும் சொல்லி வைப்பார். யாரும் அப்படிப் பேசியதே கிடையாது. "வாய்க்குள்ள கருவி இருக்கறப்ப யாரும் மறுத்துப் பேச முடியாதும்மா" என்று டாக்டர் சிரித்தார். அந்தத் தலைவர்கள் இப்போது இல்லை என்பதால், பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சம்மதித்தார்.

அதுதான் மூன்றாம் அத்தியாயம். மற்றதெல்லாம் அங்கே இங்கே படித்துத் தொகுத்தது. இது ஒன்றுதான் அவளே கண்டுபிடித்தது, அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

கடைசி வாரம் மாடியில் மறுபடியும் மதம் குறைந்தது. டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"கீழ இருக்கற சாரும் அதையேதான் சொன்னாரு சார். மதம்னு வந்துட்டா உங்க பேச்சுக்கு மேல பேச்சில்லையாம்" என்று கூசாமல் அவிழ்த்துவிட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவனா சொன்னான்?"

கீழே போய் அதே சரக்கைத் திருப்பிப் போட்டு விற்றாள். அங்கேயும் நன்றாகப் போணியானது.

இரண்டு நாளில் இருவரும் ஒரே அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வேடு மேஜைமேல் இருந்தது. மதத்துறைக்காரர் ஆரம்பித்தார். "எல்லாம் சரிம்மா. இந்தப் பல் டாக்டர் அத்தியாயத்தை மட்டும் எடுத்துடு. இப்படிச் சொன்னா யாராவது நம்புவாங்களா?"

"நானும் அதையேதான் சொல்ல இருந்தேன்" என்றார் மற்றவர். "விவரம் தெரிஞ்சவங்க இதுக்கெல்லாம் மயங்க மாட்டாங்க."

அதே பொய்யை நம்பியவர்கள் டீச்சரின் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் அத்தியாயம் நிரூபணமாகிவிடும். கையெழுத்து அதோடு போய்விடும். உண்மையை விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"அதை எடுத்துட்டா கையெழுத்துப் போட்டுருவீங்களா சார்?"

"தாராளமா" என்றார் மதத்துறைக்காரர். "அந்த இடத்துல பேச்சுவார்த்தையோட பலனைப் பத்தி எழுது. எங்களையே பாரேன், மனசுவிட்டுப் பேசித் தீர்த்துக்கலையா?"

அன்றைக்கே உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஆய்வேட்டிலேயே அவளுக்குத் துளியும் நம்பிக்கையில்லாத அத்தியாயம் அது. இரண்டு பேரும் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார்கள்.