கிளார்க் கேபிளின் மீசை

என்னை எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கவே மாட்டேன். மருமகள் சொன்னது இவ்வளவுதான்: அவள் வேலை பார்க்கும் அனிமேஷன் ஸ்டுடியோவில் பழைய ஹாலிவுட் பைத்தியம் ஒருவர் இருக்கிறார், வந்தால் மணிக்கணக்கில் பேசலாம். மனைவி போன பிறகு எனக்குப் பேச்சுத்துணை என்று யாரும் இல்லை. நான் கேரி கிராண்ட் என்று ஆரம்பித்தாலே மகன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவான். அழைப்பு எதுவும் வந்திருக்காது.

மனைவி அப்படியில்லை. என் இடது பக்கம் உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் மறுப்பாள். கிளார்க் கேபிளின் மீசை என்றால் அவளுக்கு உயிர். வீடு ரொம்ப அமைதியாக இருக்கும் நாட்களில், கேபிளுக்கு மீசையே கிடையாது என்று வேண்டுமென்றே எடுத்துவிடுவேன். அவ்வளவுதான், சாப்பாடு ஆறிப்போகும்வரை சண்டை. எங்கள் குடித்தனமே அந்த மீசையில்தான் ஓடியது என்று சொன்னாலும் தப்பில்லை.

ஸ்டுடியோவில் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. ஒரு பெண் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கோபப்படும் கரடிக்கு முகம் தேடுகிறாள் என்றாள் மருமகள். எந்த முகத்தையும் முதலில் தாங்களே செய்து பார்த்துவிட்டுத்தான் வரைவார்களாம்.

பைத்தியம் என்று சொல்லப்பட்டவர் தாடி வைத்த தலைமை அனிமேட்டர். என்னைச் சோபாவில் உட்கார வைத்து எதிரே ஒரு கேமராவை நிறுத்தினார். அது பாட்டுக்கு ஓடட்டும், கண்டுகொள்ள வேண்டாம் என்றார். என் பேச்சைப் பதிவு செய்து வைக்கப் போகிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. பிறகு கேட்க வேண்டுமா? பஸ்டர் கீட்டன் தான் சிரிக்காமலே ஊரைச் சிரிக்க வைத்தது, ஆட்ரி ஹெப்பர்னின் கழுத்து, நல்ல பேரோடு இருக்கும்போதே கிரேட்டா கார்போ சினிமாவை உதறிவிட்டுப் போனது என்று அவிழ்த்துவிட்டேன். தாடிக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பழக்கதோஷத்தில் கேபிளுக்கு மீசை கிடையாது என்றும் சொல்லிவைத்தேன். அதற்கும் ஆட்டினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பேசி முடித்ததும், அடுத்த வாரம் எப்போது வரட்டும் என்று கேட்டேன். மருமகள் தரையைப் பார்த்தாள். தாடிக்காரர், தங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று சொல்லி, எடுத்ததைத் திரையில் ஓடவிட்டார். என் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. சத்தத்தைக் கூட்டச் சொன்னேன்.

"சத்தம் எடுக்கல சார். எங்களுக்கு அசைவு மட்டும் போதும்."

அவர்கள் எடுக்கும் படத்தில் தனியாக வாழும் கிழவர் ஒருவர் வருகிறாராம். "ஒவ்வொண்ணு சொல்லி முடிச்சதும் இடது பக்கம் திரும்பிப் பாக்குறீங்க சார். இது நாங்களா யோசிச்சிருந்தா வந்திருக்காது" என்றார்.

பார்த்தேன். இஸ்திரிச் சட்டை போட்ட ஒரு கிழவன் பேசுகிறான். முடித்ததும் சோபாவின் காலி இடத்தைப் பார்க்கிறான். கொஞ்சம் காத்திருக்கிறான். மறுபடி பேச்சை எடுக்கிறான். அவள் போன நாள் முதலாக நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் போல. எனக்குத் தெரியவே தெரியாது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டேன், அதற்கும் கேமராவை ஓடவிட்டால் என்ன செய்வது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் மருமகள் தானாக வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தாள். கோபமா என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்கும் பேசின மாதிரி இருக்கும், அவர்களுக்கும் வேலை ஆகும் என்றுதான் கூட்டிப்போனாளாம்.

"இப்ப ஏதாவது சொல்லுங்க மாமா, நான் கேக்குறேன்" என்று செல்போனைப் பைக்குள் போட்டாள். நல்ல பெண்.

எனக்கும் ஆசை விடவில்லை.

"கிளார்க் கேபிளுக்கு மீசையே கிடையாது, தெரியுமா?" என்று சொல்லிவிட்டு இடது பக்கம் திரும்பினேன்.

"அப்படியா மாமா" என்று அவள் அன்பாகத் தலையாட்டினாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மனைவியாக இருந்திருந்தால் இந்நேரம் பஸ்ஸையே நிறுத்தியிருப்பாள்.